வண்டிப் புத்தகத்துக்குச் சோடி

சந்தனம் காய்ந்த புத்தகத்துக்கு ஒரு மணம் உண்டு. பிளாஸ்டிக் உறை போட்ட நூலகப் புத்தகம் என்றால் அந்த மணம் இன்னும் வேடிக்கையாக இருக்கும். பாதி கோயில், பாதி பிளாஸ்டிக், இடையில் எங்கள் வீட்டுத் தாளிதம் கொஞ்சம். நகத்தால் சுரண்டினால் சந்தனம் பொருக்காக உதிர்ந்துவிடும், ஆனால் அதன் நடுவில் வைத்த குங்குமம் உறையின் கீறல்களுக்குள் இறங்கி இளஞ்சிவப்பாக நின்றுகொள்ளும், போகவே போகாது. கனடாவின் மொன்றியல் நகர நூலகம் ஒன்றில், அமெரிக்காவின் மேற்கே மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போன சனங்களைப் பற்றிய சிறுவர் புத்தகம் ஒன்றின் அட்டையில் அப்படி ஒரு பொட்டு இருந்ததென்றால், அதற்கு என் அம்மாதான் பொறுப்பு. அன்றைக்கு அந்தப் பொட்டுக்காக வெட்கத்தில் செத்துப்போனேன். இன்றைக்கு அதற்கு எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்பதைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. அப்பாவுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலை. விடியப் போனால் பின்னேரம் நான்கு மணிக்கு வந்துவிடுவார். அம்மா, சென்ட் லோரன்டில் இருந்த ஒரு தையல் பட்டறையிலிருந்து சட்டைகளை மூட்டை மூட்டையாக வீட்டுக்கு எடுத்துவந்து, தையலில் தொங்கும் நூல்களை வெட்டிக் கொடுப்பார். எங்கள் வீட்டில் அதற்கு "நூல் வெட்டு" என்றே பெயர். நிலமெல்லாம் நூல் கிடக்கும், பள்ளிக்கூடத்தில் சப்பாத்தைக் கழற்றினால் என் காலுறையிலும் நாலைந்து வண்ணத்தில் ஒட்டியிருக்கும். நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். அம்மாவுக்குப் பிரெஞ்சில் "பொன்ஜூர்", "மெர்சி" இரண்டும் தெரியும். அப்பாவுக்கு அவற்றோடு வாளி, துடைப்பம், ஈரத்தரை ஆகியவற்றுக்கான சொற்களும் தெரியும். ஆகவே வீட்டுக்கு வரும் புத்தகம் எதற்குள்ளும் என்ன இருக்கிறது என்று நான் சொன்னால்தான் உண்டு. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது சின்ன அதிகாரமல்ல, நானும் அதைச் சும்மா விடவில்லை.

அந்தப் புத்தகத்தை நான் வரலாற்றுக்காக எடுக்கவில்லை, மாட்டுக்காக எடுத்தேன். அட்டையில் வெள்ளைத் துணிக் கூண்டு போட்ட வண்டியும், அதை இழுக்கும் இரண்டு கொழுத்த எருதுகளும், முன்னால் வெறுங்காலோடு நடக்கிற ஒரு சின்னப் பெண்ணும் இருந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டினேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். நூல் வெட்டுக்கு நடுவே அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தால் அது பெரிய விசயம்.

அன்றிலிருந்து அது எங்களுக்கு "வண்டிப் புத்தகம்". அதில் நாலு பாகம் இருந்தது. அந்தச் சிறுமிக்குப் புத்தகத்தில் இருந்த பெயர் அம்மாவின் வாயில் நுழையாததால் அவள் "சின்னவள்" ஆனாள். பள்ளி விட்டு வந்து தேத்தண்ணி குடித்ததும், சட்டை மூட்டைமேல் சாய்ந்துகொண்டு ஒரு பக்கம் பிரெஞ்சில் வாசிப்பேன், பிறகு அதைத் தமிழில் சொல்வேன், அம்மா நூலை வெட்டிக்கொண்டே கேட்பார். முதல் பாகத்தில் வண்டிக்குள் என்ன ஏற்றினார்கள் என்று இரண்டு பக்கத்துக்குப் படம் போட்டிருந்தார்கள்: மா மூட்டை, உப்பு, கோப்பிக்கொட்டை, கோடரி, ஒரு ஊசிப் பெட்டி. அந்த இரண்டு பக்கத்தையும் கடக்க எங்களுக்கு ஒரு கிழமை எடுத்தது, ஏனென்றால் அம்மாவுக்கு ஒவ்வொரு சாமானிலும் ஒரு சொல்லு இருந்தது. கறித்தூள் இல்லாமல் ஆறு மாதம் எப்படிச் சாப்பிடுவது, மாவை அடியில் வைத்தால் ஆற்றுத்தண்ணி ஏறாதா, கோப்பைகளை உடுப்புக்குள் சுற்றி வைக்கத் தெரியாத பெண் என்ன பெண் என்றெல்லாம் கேட்டார். ஊசிப் பெட்டியைக் கண்டதும் மட்டும், "கெட்டிக்காரி" என்றார். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தபோது உழவு இயந்திரப் பெட்டியில் இடமில்லாமல் தையல் மெஷினை விட்டுவிட்டு, அதன் ஊசிப் பெட்டியை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு வந்தவர் அம்மா.

சாமான் எல்லாம் ஏற்றி முடிந்ததும் அம்மா கேட்ட கேள்வியைத்தான் நான் மறக்கவில்லை. "இவையை ஆர் கலைச்சது?"

ஒருத்தரும் கலைக்கவில்லை, தாங்களாகத்தான் போகிறார்கள் என்று சொன்னேன். அம்மா நம்பவில்லை. "ஒருத்தரும் கலைக்காமல் ஆரும் வீடு வாசலை விட்டிட்டு மாட்டு வண்டியில போவினமே? நீ ஒழுங்கா வாசி" என்றார். நான் திரும்ப வாசித்தேன். ஷெல் இல்லை, ஆமி இல்லை, பக்கத்து ஊரில் சண்டைகூட இல்லை. அம்மா விடவில்லை, சின்னப்பிள்ளைகளின் புத்தகம் என்றபடியால் அந்தப் பகுதியை எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று தானே ஒரு முடிவுக்கு வந்து, அந்தச் சனங்களைத் தன் பக்கத்துக்கு எடுத்துக்கொண்டார். ஆற்றங்கரையில் வண்டி நின்றால் அம்மாவுக்குக் கவலை, எருதுக்குக் காலில் புண் என்றால் அம்மாவுக்குச் சோறு இறங்காது. நானும் அதே கூட்டம்தான். சாப்பாட்டு மேசையின்மேல் அம்மாவின் பழைய சேலையைப் போட்டு அதற்குள் சட்டை மூட்டைகளை ஏற்றி, அந்த இலையுதிர்காலம் முழுக்க நான் மேற்கே போய்க்கொண்டிருந்தேன்.

நாலாம் பாகத்தில் வந்தது வினை. சின்னவளின் வண்டி ஒரு பெரிய ஆற்றுக்குள் இறங்கிவிட்டது. நடு ஆற்றில் எருதின் கால் சேற்றுக்குள் புதைந்துவிட்டது. அடுத்த பக்கத்தைத் திருப்புவதற்குள் அப்பா வேலையால் வந்துவிட்டார். அப்பா அதிகம் பேசமாட்டார். வந்தால் குளிப்பார், தேத்தண்ணியோடு கதிரையில் சாய்வார், நான் வாசிப்பதைக் கேட்கிறாரா நித்திரை கொள்கிறாரா என்றே தெரியாது. அவர் இருக்கிறார் என்ற உற்சாகத்தில் நான் கொஞ்சம் முன்னுக்குப் பின்னாகக் கதை சொல்லத் தொடங்கினேன். ஆற்றைக் கடந்துவிட்டால் அரசாங்கம் அவர்களுக்குக் காணி கொடுக்கும், வேலி போட்டு, உழுது, ஐந்து வருசம் அங்கேயே இருந்தால் காணி அவர்களுக்கே சொந்தம் என்றேன்.

அப்பா கண்ணைத் திறந்தார். "ஆருடைய காணி?"

"வெறும் காணி, அப்பா. புத்தகத்தில அப்பிடித்தான் போட்டிருக்கு."

அப்பா எழும்பி வந்து புத்தகத்தை என் மடியிலிருந்து எடுத்து மூடினார். சத்தம் போடவில்லை. நாளைக்கே கொண்டுபோய்க் கொடு, இனிமேல் இது இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று மட்டும் சொன்னார். அம்மா ஏதோ கேட்க வாயெடுத்து, அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. காணி யாருடையதானால் எனக்கென்ன, சின்னவள் நடு ஆற்றில் நிற்கிறாள். அப்பாவுக்கு எங்கள் சந்தோசம் எதுவும் பிடிக்காது என்று அன்றைக்கு நான் மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். அந்தப் பாவத்தை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்த நாள் பள்ளி விட்டு வந்தபோது வீட்டில் சந்தன மணம். நவராத்திரியின் கடைசி மூன்று நாள் அன்று தொடங்கியிருந்தது. சாமிப் படங்கள் வைத்த சுவர்த்தட்டில் கும்பம் வைத்து, அதன் முன்னால் என் பள்ளிப் புத்தகங்கள், அப்பாவின் தேவாரப் புத்தகம், அம்மாவின் கத்தரிக்கோல் எல்லாவற்றையும் அடுக்கி, எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார் அம்மா. அடுக்கின் உச்சியில் வண்டிப் புத்தகம் இருந்தது. எருதின் நெற்றிக்கு நேரே பொட்டு. நூலகப் புத்தகத்துக்கு யாராவது இப்படிச் செய்வார்களா என்று நான் பதறினேன். அதைவிட, திருப்பிக் கொடுக்கும் தேதி அடுத்த நாள்.

அப்பா வந்தார், பார்த்தார். அம்மா அவரைப் பாராமல் கடலையைத் தாளித்துக்கொண்டே, "வச்சாச்சு. இனி விசயதசமி வரைக்கும் ஒருத்தரும் எடுக்கேலாது" என்றார். சரசுவதி முன் வைத்த புத்தகத்தை இடையில் எடுப்பதும் இல்லை, வாசிப்பதும் இல்லை. அது எங்கள் வீடுகளில் அப்பா பிள்ளை எல்லாருக்கும் பொதுவான சட்டம். அம்மா அப்பாவோடு வாய் காட்டியதை நான் கண்டதில்லை. தேவைப்படும்போது இப்படித்தான் சாமியைப் பிடித்துவிடுவார். அதன் பிறகு மூன்று பின்னேரமும் அப்பா அந்தத் தட்டின் முன்னால் தேவாரம் பாடினார், பாடி முடித்தும் எழும்பாமல் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவும் நானும் முகம் பார்த்துப் பேசவில்லை. சின்னவள் மூன்று நாளும் ஆற்றுக்குள் நின்றாள்.

விசயதசமி அன்று புத்தகங்களை இறக்கி வீட்டிலுள்ள எல்லாரும் ஆளுக்கு ஒன்று வாசிக்க வேண்டும். அப்பா வழக்கம்போல் தேவாரப் புத்தகத்தை எடுப்பார் என்று பார்த்தால், வண்டிப் புத்தகத்தை எடுத்தார். வாசிக்கத் தெரியாதவர் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே போய், கடைசிப் பக்கத்தில் நின்றார். அங்கே ஒரு வரைபடம் இருந்தது. வண்டிகள் போன பாதை சிவப்புக் கோடு. அந்தக் கோட்டைச் சுற்றி மஞ்சள் நிலம், அதில் ஒரு பெயரும் இல்லை. "எங்கட வயலையும் இப்பிடித்தான் கீறினவங்கள்" என்றார்.

அப்பாவின் ஊர் திருகோணமலைப் பக்கம் என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை. அம்மாவுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அப்பாவுக்குப் பதினான்கு வயதிருக்கும்போது அரசாங்க ஆட்கள் வெள்ளையடித்த கம்புகளோடும் சங்கிலியோடும் வந்து குளத்துக்கு அப்பால் எல்லாம் அளந்தார்களாம். காடென்று குறித்துக்கொண்டு போனார்களாம். அந்தக் காட்டில் அப்பாவின் குடும்பத்து வயலும் இருந்தது. அடுத்த மாரிக்கு முன் லொறிகள் வந்தன. எங்கோ தூரத்திலிருந்து வேறு பாசை பேசும் சனங்களைப் பாயும் பானையுமாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். முதல் நாள் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து சைகையால் தண்ணீர் கேட்டாள், அப்பாவின் அம்மா கொடுத்தார். இரண்டு போகம் கழித்து அப்பாவின் குடும்பத்துக்கு அந்த வயல்பக்கம் போக முடியவில்லை. அதற்குப் பிறகு ஊரிலேயே இருக்க முடியவில்லை.

"வெறும் காணி எண்டு ஒண்டு இல்லை, பிள்ளை" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் அட்டையில் இருந்த சின்னவளைப் பார்த்தார். "அந்தப் பொம்பிளையில எனக்கு இப்பவும் கோவம் இல்லை. அவவுக்கு ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டினம். இந்தப் பிள்ளைக்கும் தெரியாது. நீ முடிச்சு வாசி. ஆனா அங்க முதல் இருந்த பிள்ளையின்ட புத்தகம் ஒண்டும் இருக்கும். அதையும் கொண்டு வா."

நான் அங்கேயே குந்தியிருந்து வாசித்தேன். எருதைக் கயிறு போட்டு இழுத்துக் கரையேற்றினார்கள், மா மூட்டை நனைந்துபோனது. அம்மா, இதைத் தான் அப்பவே சொன்னதாகச் சொன்னார்.

நூலகத்துக்கு நான் தனியே போனேன். மேசையில் இருந்த பெண் உயரமானவர், கழுத்தில் தொங்கும் கண்ணாடி, தேதி முத்திரையை ஓங்கிக் குத்துகிற கை. தேதி தாண்டிவிட்டது, அட்டையில் பொட்டு வேறு. என் நூலக அட்டையைப் பறித்துவிடுவார்கள் என்றே நினைத்தேன். அவர் விரலால் பொட்டைத் தொட்டு, முகர்ந்து பார்த்து, இது என்ன என்றார். எனக்குப் பொய் ஒன்றும் ஓடி வரவில்லை. எங்கள் வீட்டில் வருசத்துக்கு மூன்று நாள் புத்தகங்களைச் சாமியிடம் கொடுத்துவிடுவோம், அந்த நாட்களில் எடுக்க முடியாது என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது என்று சொல்லி, பொட்டைத் துடைக்காமல் புத்தகத்தை அடுக்க வேண்டிய வண்டிலில் வைத்தார். அந்தப் பெண்ணின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் அவர் ஒருவர்.

அங்கே முதல் இருந்த பிள்ளையின் புத்தகம் வேண்டும் என்று கேட்டதும்தான் அவர் தடுமாறினார். சிறுவர் பகுதியில் தேடினார், பிறகு பெரியவர்கள் பகுதிக்குப் போனார், கடைசியில் மெலிந்த புத்தகம் ஒன்றோடு வந்தார். அந்தச் சிவப்புக் கோடு போன சமவெளியின் பூர்வகுடியில் பிறந்த ஒரு பெண் தன் சிறுவயதைத் தானே சொன்ன கதை. படம் இல்லை, பாதிச் சொல் எனக்கு விளங்கவில்லை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அரைப் பக்கம் அரைப் பக்கமாக வாசித்து அம்மாவுக்குச் சொன்னேன். அதிலும் ஒரு சாமான் கட்டும் இடம் வந்தது. குதிரைப்படைக்காரர்கள் வந்து நாளை காலைக்குள் போய்விட வேண்டும் என்று சொன்னதும், அந்தப் பெண்ணின் தாய் தோல்களைச் சுருட்டி, உலர்ந்த இறைச்சியைக் கட்டி, எலும்பு ஊசிகள் வைத்த சின்னப் பையை இடுப்பில் முடிந்துகொள்கிறாள்.

அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "நான் அப்பவே கேட்டனான், ஆர் கலைச்சதெண்டு" என்றார். "ஆக்களைத்தான் மாறிப் பிடிச்சிட்டன்." பிறகு வெகுநேரம் அந்த ஊசிப் பையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குப் புத்தகம் "சோடி"யாகத்தான் வரும். இருப்புப்பாதை போட்ட கதையை எடுத்தால், வெடி வைத்து மலையை உடைத்த சீனத் தொழிலாளிகளின் கதையும் வர வேண்டும். கோட்டை கட்டியவனின் கதைக்கு, கோட்டைக்கு வெளியே இருந்தவனின் கதை. அப்பா ஒன்றும் பெரிய பாடம் எடுக்கவில்லை. அரைவாசிக் கதைக்கு அவர் குறட்டை விட்டிருக்கிறார். ஆனால் கண்ணை மூடிக்கொண்டே, "இதுக்குச் சோடி எங்க?" என்று மட்டும் கேட்பார். ஒரு வருசம், பொன் தேடி மலைக்குப் போனவர்களின் புத்தகத்துக்கு நூலகத்தில் சோடி கிடைக்கவில்லை. அந்தச் சரசுவதி பூசைக்கு அப்பா என் பள்ளிப்பையிலிருந்து எழுதாத கொப்பி ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். இது என்ன என்று கேட்டேன். "சோடிதான். இன்னும் எழுதேல்லை" என்றார். அம்மா ஒன்றும் கேட்காமல் அந்தக் கொப்பிக்கும் பொட்டு வைத்தார்.

இன்றைக்கு அந்த நூலகத்தில் தேதி முத்திரை இல்லை. புத்தகத்தை ஒரு பெட்டியின்மேல் வைத்தால் அது தானே பதிந்துகொள்கிறது, யாரும் பொட்டை முகர்ந்து பார்க்கப் போவதில்லை. வண்டிப் புத்தகத்தை எப்போதோ நூலகத் தட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டேன், கணினியில்கூட இல்லை என்றார்கள். சென்ட் லோரன்ட் பட்டறை மூடிவிட்டது. அம்மா போய் மூன்று குளிர்காலம் ஆகிறது. நாங்கள் இப்போது டொலார்ட்-டெஸ்-ஓர்மோ புறநகரில் இருக்கிறோம், அப்பா எங்களோடு. நான் அம்மாவைப் போலத் துணிச்சல்காரி அல்ல. நூலகப் புத்தகங்களின்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அந்தத் தாளுக்குத்தான் பொட்டு வைக்கிறேன்.

போன சரசுவதி பூசைக்கு என் மகள் ஆரணி, பள்ளிக்கூடத்துக்கென்று பிரெஞ்சில் தான் எழுதிய ஒரு சின்னப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். தன் அம்மப்பா குளிரில் மொன்றியலுக்கு வந்து இறங்கிய கதை. அட்டையில் விமானம், ஒரு பெட்டி, தொப்பி போட்ட அப்பா. நான் பக்கம் பக்கமாக வாசித்துத் தமிழில் சொன்னேன். அப்பாவுக்கு இப்போது காது மந்தம், அதனால் கையைக் காதில் குவித்துக்கொண்டு, ஒரு சொல்லும் விடாமல் நித்திரை கொள்ளாமல் கேட்டார். கடைசிப் பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன்னைப் பற்றி ஒருவர் எழுதி அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. "சாமிக்கு முன்னால வை, குஞ்சு" என்றார்.

அவள் வைத்தாள். பிறகு தன் அறைக்குப் போய் ஒரு எழுதாத கொப்பியை எடுத்துவந்து, அதன் பக்கத்தில் ஒட்டி வைத்தாள். அந்தப் பழைய கதையை நான் எப்போதோ அவளுக்குச் சொன்னதுதான், ஆனால் இப்படி வைக்கச் சொல்லி நான் சொல்லவில்லை.

"இது என்னத்துக்கு?" என்றார் அப்பா.

"சோடி, அம்மப்பா" என்றாள். "நீங்கள் வந்து இறங்க முதல் இஞ்ச இருந்த ஆக்களின்ட கதை. நான் இன்னும் அவையிட்ட கேக்கேல்லை."

அப்பா கதிரையின் கையைப் பிடித்து மெல்ல எழும்பித் தட்டருகே போனார். சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, முதலில் அந்த எழுதாத கொப்பிக்குப் பொட்டு வைத்தார். பிறகுதான் தன்னுடைய கதைக்கு வைத்தார்.